செத்த பெட்டியும் கொல்லும்

அன்புள்ள ஐயா,
நீங்கள் போன மாதம் போகிறபோக்கில் குறிப்பிட்ட ‘சீக்வென்ஸ் பிரேக்’ படத்தைத் தேடிப் பார்த்தேன். ஒருவன் வீடியோ கேம் பெட்டியே கதி என்று கிடக்கிறான், கொழகொழவென்று ஏதோ வழிகிறது, அவ்வளவுதான். பழைய கேம் பெட்டியைப் பார்த்துப் பயப்பட என்ன இருக்கிறது?
ச.

அன்புள்ள ச.,
கதை மெலிசுதான், மறுக்கவில்லை. கிரஹாம் ஸ்கிப்பர் 2017இல் சின்ன பட்ஜெட்டில் எடுத்த படம். அந்தக் கொழகொழப்பு எனக்கும் கொஞ்சம் திகட்டியது.

ஆனால் நாயகனின் தொழிலைக் கவனித்தீர்களா? காசு போட்டு ஆடும் ஆர்கேடு கேம் பெட்டிகளைப் பழுதுபார்ப்பவன். அந்தப் பெட்டிக்குள் இருப்பது பழைய டிவியில் இருந்த அதே பிக்சர் டியூப்தான். ஓடும்போது அதில் ஏறத்தாழ 20,000 வோல்ட் இருக்கும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் உள்ளே தங்கியிருக்கும். சிறுவயதில் எங்கள் தெரு டிவி மெக்கானிக்கிடம் பார்த்திருக்கிறேன். ஸ்க்ரூடிரைவரில் ஒரு வயரைச் சுற்றி, மறுமுனையை இரும்புச் சட்டத்தில் மாட்டி, டியூப்பின் முதுகிலுள்ள ரப்பர் மூடிக்கு அடியில் மெல்ல நுழைப்பார். ‘டப்’பென்று ஒரு பொறி. இடது கை அதுவரை சட்டைப்பைக்குள்ளேயே இருக்கும். இரண்டு கையும் பட்டால் மின்சாரம் நெஞ்சு வழியாகப் போகுமே.

அப்புறம், அந்தக் கால ஆர்கேடு ஆட்டங்கள் பெரும்பாலானவற்றில் ஜெயிப்பது என்பதே கிடையாது. ஆள் சீக்கிரம் செத்தால்தான் அடுத்த காசு விழும். சாகாமலே ஆடினால்? 1980இல் வந்த பேக்-மேனில், பேய்களிடம் சிக்காமல் புள்ளிகளையெல்லாம் தின்று முடித்தால் அடுத்த கட்டம். அந்தக் கட்டத்தின் எண்ணை வைக்க ஒரே ஒரு பைட் நினைவகம்தான். அதில் 255க்கு மேல் எண்ண முடியாது. 256ஆம் கட்டத்தில் கணக்கு சுற்றிப் பூஜ்யத்துக்கு வந்துவிட, திரையின் அடியில் கட்டத்தைக் குறிக்க ஏழு பழம் வரைய வேண்டிய நிரல் 256 பழம் வரையக் கிளம்பும். திரையின் வலது பாதி முழுக்க எழுத்தும் எண்ணுமாகச் சிதறும். முடிக்கிற அளவுக்கு அங்கே புள்ளிகள் இல்லை. பேய்கள் மட்டும் வழக்கம்போல வந்துகொண்டிருக்கும். மணிக்கணக்கில் தப்பாமல் ஆடியவனுக்கு இதுதான் பரிசு.

படத்தின் தலைப்பும் ஆட்டக்காரர்களின் சொல்தான்: உருவாக்கியவர் போட்ட வரிசையை மீறிக் குறுக்கே புகுவது. ஸ்கிப்பரின் மெக்கானிக் அப்படித்தான் தப்பிக்கப் பார்க்கிறான் என்று நினைத்துக்கொண்டு மறுபடி ஒருமுறை பாருங்கள். அப்போதும் பிடிக்கவில்லையென்றால் எழுதுங்கள்.