கேள்வி-பதில்: பட்டர்வொர்த்தில் உட்கார்ந்து கோள் தேடலாமா?

கேள்வி: ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்களே, நம்ம பினாங்கு கொடிமலை மாதிரி ஓர் உயரமான மலையில் வைத்தால் ஆகாதா? செலவாவது மிஞ்சுமே.
— வாசகர், ஆயர் ஈத்தாம்

கொடிமலை 833 மீட்டர்தான் ஐயா, ஹவாயில் 4,200 மீட்டர் உயரத்தில் இருக்கிற மௌனா கியா மலையே இந்த வேலைக்குப் போதாது. வெப் பார்ப்பது அகச்சிவப்பு ஒளியை. அதில் பெரும்பகுதியைக் காற்றிலுள்ள நீராவி வழியிலேயே விழுங்கிவிடும், நம்ம ஊர் காற்றில் நீராவிக்கா பஞ்சம்! இன்னொன்று, சூடான பொருள் எதுவும் அகச்சிவப்பில் ஒளிரும், தொலைநோக்கியும் அதற்கு விலக்கல்ல. அதனால்தான் பெரிய வெயில் மறைப்பு ஒன்றை விரித்து, கண்ணாடிகளைச் சுமார் மைனஸ் 220 டிகிரிக்குக் குளிரவைத்திருக்கிறார்கள். இதைத் தரையில் செய்ய முடியாது.

கேள்வி: படிவம் 4-ல் படிக்கும் என் மகன், நாசாவின் தரவை வைத்து வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்களைத் தேடப்போகிறேன் என்று இரவெல்லாம் மடிக்கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறான். வீட்டில் தொலைநோக்கி கிடையாது, வெளியே எட்டிப் பார்த்தால் மழை. இது நடக்கிற காரியமா, இல்லை எஸ்பிஎம் தேர்வுப் பாடத்திலிருந்து தப்பிக்க ஒரு சாக்கா?
— ஒரு தாய், பட்டர்வொர்த்

நடக்கிற காரியம்தான் அம்மா. சாக்காகவும் இருக்கலாம், அதை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

மழையைப் பற்றிக் கவலை வேண்டாம். இன்றைக்கு வானியல் ஆய்வில் இருப்பவர்களில் பெரும்பாலோர் தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்ப்பதே இல்லை, உங்கள் மகனைப் போலத்தான் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். விண்ணிலிருந்து எண்களாக வந்து சேரும் தரவைக் காப்பகத்தில் போட்டு வைக்கிறார்கள். ஹபிள், வெப், கெப்ளர், டெஸ் என்ற விண்வெளித் தொலைநோக்கிகள் இவ்வளவின் தரவும் அமெரிக்காவின் பால்டிமோரில் இருந்து நடத்தப்படும் 'மாஸ்ட்' காப்பகத்தில் இருக்கிறது. வெப் தரவில் ஒரு பகுதி மட்டும், திட்டம் எழுதிக் கொடுத்துத் தொலைநோக்கியில் நேரம் வாங்கிய ஆய்வாளருக்கென்று ஓராண்டு வரை பூட்டியிருக்கும். மற்றபடி யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம், காசு கேட்பதில்லை, பட்டம் இருக்கிறதா என்றும் கேட்பதில்லை.

மகன் இறங்க வேண்டிய இடம் டெஸ். 2018 ஏப்ரலில் ஏவியது. வானத்தைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டு ஒவ்வொரு துண்டையும் ஏறக்குறைய 27 நாள் பார்த்து, அதிலுள்ள நட்சத்திரங்களின் வெளிச்சத்தை அளந்துகொண்டே இருக்கும். கோள் குறுக்கே வந்தால் வெளிச்சம் குறையும், அவ்வளவுதான் சங்கதி. ஆனால் எவ்வளவு குறையும் என்று பாருங்கள்: சூரியன் மாதிரி ஒரு நட்சத்திரத்தை வியாழன் அளவுக் கோள் கடந்தால் சுமார் 1 விழுக்காடு, பூமி அளவுக் கோள் என்றால் 0.0084 விழுக்காடு.

எடுத்த எடுப்பிலேயே புதுக் கோளைத் தேடச் சொல்லாதீர்கள், தெரிந்த கோளைத் தேடச் சொல்லுங்கள். வாஸ்ப்-18 என்றொரு நட்சத்திரம் இருக்கிறது, அதன் கோள் வியாழனைப் போலப் பத்து மடங்கு நிறை கொண்டது, ஒரு சுற்று முடிக்க அதற்கு ஒரு முழு நாள்கூட ஆகாது. பைத்தான் என்ற நிரல்மொழியில் இயங்கும் 'லைட்கர்வ்' என்ற இலவச மென்பொருளில் நாலைந்து வரி எழுதினால் டெஸ் தரவு வந்து திரையில் புள்ளிகளாக விழும், கீழே நாள்கள், பக்கவாட்டில் வெளிச்சம். நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் வரிசையாகப் பள்ளங்கள் தெரியும். நடுவில் புள்ளியே இல்லாமல் ஓர் இடைவெளி இருக்கும், அதைக் கண்டு குதிக்க வேண்டாம்: டெஸ் பூமியை ஒருமுறை சுற்ற 13.7 நாள் ஆகிறது, பூமிக்கு அருகில் வரும்போது அளப்பதை நிறுத்திவிட்டு அதுவரை சேர்த்ததை அனுப்பும், அந்த நேரம்தான் அது. பள்ளங்களுக்கு இடையிலான நேரத்தையும் ஆழத்தையும் அவனே அளந்து, வெளியான அளவோடு ஒப்பிட்டுப் பார்க்கட்டும். ஒத்துப்போனால் ஆட்டத்தில் சேர்ந்துவிட்டான் என்று அர்த்தம்.

அப்புறம்தான் உண்மையான தலைவலி. பள்ளம் தெரிந்தாலே கோள் என்றில்லை. டெஸ் கேமராவின் ஒரு படப்புள்ளி வானத்தில் 21 விகலை அகலம் (ஒரு டிகிரியை 3,600 கூறாக்கினால் ஒரு கூறுதான் விகலை), பினாங்கு பாலத்தில் தொலைவில் வரும் காரின் இரண்டு விளக்கும் ஒன்றாகத் தெரிவது போல, பக்கத்துப் பக்கத்து நட்சத்திரங்கள் அதற்குள் ஒன்றாகிவிடும். அதில் ஏதாவது ஒன்று, ஒன்றையொன்று மறைக்கும் இரட்டை நட்சத்திரமாக இருந்தால் அச்சு அசல் கோள் மாதிரியே பள்ளம் விழும். ஆகவே பள்ளத்தின் அடி தட்டையாக இருக்கிறதா கூராக இருக்கிறதா, ஒன்றுவிட்டு ஒன்று ஆழம் மாறுகிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்க்க வேண்டும். கூராக இருந்தாலோ ஆழம் மாறினாலோ பெரும்பாலும் இரட்டை நட்சத்திரம்தான். இந்தச் சலிப்பான வேலையைத்தான் நான் ஆராய்ச்சி என்பேன், கண்டுபிடித்தேன் என்று படம் போடுவதை அல்ல. இதில் பொறுமை இருக்கிறதா என்று ஒரு மாதம் பாருங்கள், இல்லையென்றால் அவனே விட்டுவிடுவான்.

இதெல்லாம் கணினியே செய்யாதா என்று கேட்பீர்கள். பெரும்பாலும் கணினிதான் செய்கிறது, ஆனால் ஒழுங்கு தப்பி வரும் பள்ளங்களை அது கோட்டைவிடுகிறது. 2019-ல் நாசாவின் கோடார்ட் மையத்தில் கோடைப் பயிற்சிக்குப் போன வுல்ஃப் குக்கியர் என்ற 17 வயதுப் பள்ளி மாணவர், இரட்டை நட்சத்திரம் என்று குறித்து வைத்திருந்த ஒன்றில் வேளை தவறி விழுந்த ஒரு பள்ளத்தைக் கவனித்தார், இரண்டு நட்சத்திரங்களையும் சேர்த்துச் சுற்றும் கோள் அது. அதற்கும் முன்னால், 2012-ல், கெப்ளர் தரவை வீட்டிலிருந்து பார்த்த தன்னார்வலர்கள் இதேபோல் ஒரு கோளைப் பிடித்தார்கள். பிளானட் ஹண்டர்ஸ் என்று அந்தத் திட்டத்துக்குப் பெயர், மகனுக்கு நிரல் எழுத வராவிட்டால் அங்கே தொடங்கலாம்.

இரவு பதினொன்றுக்கு மேல் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். தரவு எங்கும் ஓடிவிடாது.

கேள்வி: வெப் படங்களின் வண்ணமெல்லாம் கணினியில் பூசியது என்கிறான் என் நண்பன். அப்படியானால் ஆய்வும் அப்படித்தானா?
— கல்லூரி மாணவர், ஜார்ஜ்டவுன்

வண்ணம் சேர்த்தது உண்மைதான் தம்பி, யாரும் அதை மறைக்கவில்லை. வடிகட்டி ஒன்றுக்கு ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வரும், நீண்ட அலைக்குச் சிவப்பு, குறுகிய அலைக்கு நீலம் என்று வரிசைப்படி நிறம் கொடுக்கிறார்கள். நம் கண்ணுக்கு அகச்சிவப்பு தெரியாது, வேறு என்னதான் செய்வது?

ஆனால் ஆய்வாளர் அந்த வண்ணப் படத்தை வைத்து எதையும் அளப்பதில்லை. 2022-ல் வாஸ்ப்-39 பி என்ற கோளின் காற்றில் கரியமில வாயு இருப்பது ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிந்ததே, அதற்குப் படமே கிடையாது. நட்சத்திர ஒளி அந்தக் கோளின் காற்றுக்குள் புகுந்து வந்ததை அலைநீளம் அலைநீளமாகப் பிரித்து வரைந்தபோது கரியமில வாயு ஒளியை விழுங்கும் 4.3 மைக்ரான் அலைநீளத்தின் பக்கம் ஒரு மேடு எழுந்தது, அதுதான் சான்று. நண்பனிடம் அந்த வரைபடத்தைக் காட்டுங்கள், அதில் பூச ஒன்றுமில்லை.

கேள்வி: விண்வெளித் தொலைநோக்கிகளில் தமிழர் பெயரில் ஏதாவது உண்டா?
— வாசகி, புக்கிட் மெர்தாஜம்

உண்டே, சந்திரா. 1999 ஜூலையில் ஏவிய எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கி. லாகூரில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் படித்து, 1983-ல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் பெயர்தான் அது. அதன் தரவும் திறந்துதான் கிடக்கிறது.

கேள்வி: பேத்தியின் பிறந்தநாளுக்கு இணையத்தில் பணம் கட்டி ஒரு நட்சத்திரத்துக்கு அவள் பெயரை வாங்கினேன். சான்றிதழும் வந்தது. வானியலாளர்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்துவார்களா?
— தாத்தா, செபராங் ஜெயா

மாட்டார்கள் ஐயா. நட்சத்திரங்களுக்குப் பெயர் வைப்பது சர்வதேச வானியல் ஒன்றியத்தின் பொறுப்பு, அவர்கள் எந்தப் பெயரையும் விற்பதில்லை. 2019-ல் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நட்சத்திரத்தையும் அதன் கோளையும் ஒதுக்கிப் பெயர் கேட்டார்கள், மலேசியாவுக்குக் கிடைத்தது எச்டி 20868. நட்சத்திரத்துக்கு இந்தான், கோளுக்கு பைடூரி என்று பெயர் வைத்தோம், அது அதிகாரபூர்வமானது.

சான்றிதழைக் கிழிக்க வேண்டாம், குழந்தைக்கு அது போதும். அதில் வானத்தில் நட்சத்திரத்தின் இடத்தைக் குறிக்கும் ஆயத்தொலைவு எண்கள் இரண்டு அச்சாகியிருந்தால், ஐரோப்பிய விண்வெளி முகமையின் கயா விண்கலத் தரவுக் காப்பகத்தில் போட்டுப் பாருங்கள். கிட்டத்தட்ட 180 கோடி நட்சத்திரங்களின் பட்டியல் 2022-லிருந்தே அங்கே இருக்கிறது. பேத்தியின் நட்சத்திரம் எவ்வளவு தொலைவு என்பதாவது தெரிந்துவிடும், அதற்கு ஒரு ரிங்கிட்கூட வேண்டாம்.