வாத்தியாரைக் கேளுங்கள்: மருந்தால் வளர்ந்த பட்டாணி

கேள்வி: மகளின் அறிவியல் கண்காட்சிக்காகக் குட்டைப் பட்டாணிச் செடிகளுக்கு ஜிப்பெரலின் என்ற செடி வளர்ச்சி ஹார்மோன் மருந்தைத் தெளித்தோம். மளமளவென்று நெட்டையாக ஏறிவிட்டன. அந்தச் செடிகளின் விதையை எடுத்துப் போட்டால் மறுபடியும் குட்டைதான் வருகிறது. மருந்து போலியா? (வாசகி, ஊட்டி)

அம்மா, மருந்து போலியாக இருந்தால் முதல் செடியே ஏறியிருக்காது. கண்காட்சி முடிந்த பிறகும் விதையை எடுத்துப் போட்டுப் பார்க்கத் தோன்றியதே, அதற்கு உங்கள் மகளுக்கு ஒரு சபாஷ். பரிசு கிடைத்ததா என்று எழுதவில்லையே?

பிரன் நகரத்து மடத்துத் தோட்டத்தில் மெண்டல் பாதிரியார் வளர்த்ததும் இதே நெட்டை, குட்டைப் பட்டாணிதான். ஆறேழு அடி போகும் ரகத்தையும் ஒன்றரை அடியைத் தாண்டாத ரகத்தையும் கலந்தார். முதல் தலைமுறை அத்தனையும் நெட்டை. அவற்றைத் தமக்குள்ளேயே மகரந்தம் சேரவிட்டு விதை எடுத்தார். அடுத்த தலைமுறையில் 1,064 செடிகளில் 787 நெட்டை, 277 குட்டை. ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. 1866-ல் இது அச்சில் வந்துவிட்டது. குட்டை ஏன் குட்டையாக நிற்கிறது என்பது மட்டும் அவருக்குத் தெரிய வழியில்லை. அந்த மரபணுவை 1997-ல்தான் பிரித்துப் பார்த்தார்கள்.

செடி தனக்கு வேண்டிய ஜிப்பெரலினைப் படிப்படியாகச் சமைத்துக்கொள்கிறது. கடைசிப் படியில் ஒரு நொதி வந்துதான் அதை வேலைக்கு ஆகிற சரக்காக மாற்ற வேண்டும். மெண்டலின் குட்டைப் பட்டாணியில் அந்த நொதிக்கான மரபணுவில் ஒரே ஓர் எழுத்து மாறிக் கிடக்கிறது. நொதி மந்தமாகிவிட்டது, கணுவுக்கும் கணுவுக்கும் நடுவே தண்டு நீளவில்லை. மகளிடம் ஸ்கேலைக் கொடுத்து, மருந்து தெளித்த செடி, தெளிக்காத செடி இரண்டிலும் கணு இடைவெளியை அளக்கச் சொல்லுங்கள். வித்தியாசம் முழுக்க அங்கேதான் இருக்கும்.

நீங்கள் தெளித்தது, செடியால் சமைக்க முடியாமல் போன அந்தச் சரக்கின் வேலையைச் செய்தது. தண்டு நீண்டது, அவ்வளவுதான். உள்ளே மாறிக் கிடக்கிற எழுத்து அப்படியேதான் இருக்கிறது, விதைக்குப் போவதும் அதுதான். தலைக்கு மை அடித்தவருக்குக் கருகரு முடியோடு பேரன் பிறந்தால், அது மையின் புண்ணியமா என்ன?

கலப்பில் முதல் தலைமுறை ஏன் முழுக்க நெட்டை என்பதும் இதிலேயே விளங்கும். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று என்று மரபணு இரண்டு பிரதியாக வருகிறது. ஒன்று சரியாக இருந்தாலே போதுமான நொதி கிடைத்துவிடும். இரண்டும் கெட்டால்தான் குட்டை.

குட்டை என்றால் மட்டம் என்று நினைத்துவிடாதீர்கள். 1966-ல் வந்த ஐ.ஆர்.8 நெல்லின் பெருமையே அதன் குட்டைதான். பீட்டா என்ற நெட்டை நெல்லோடு, தைவானின் டீ-ஜியோ-வூ-ஜென் என்ற குட்டை நெல்லைக் கலந்து எடுத்தது அது. அதிலும் ஜிப்பெரலின் சமையலில்தான் கோளாறு. பட்டாணியைவிட ஒரு படி முன்னால். யூரியா போட்டாலும் சாயாமல் நின்று கதிரைத் தாங்கியது. எங்கள் தாத்தாவுக்கு மட்டும் திருப்தியில்லை. "நெல்லு சரிடா, மாட்டுக்கு என்னத்தைப் போடுறது?" என்று கையளவு வைக்கோலைத் தூக்கிக் காட்டுவார். அவர் கேட்டதும் நியாயம்தான்.

கேள்வி: கார்பைட் கல் வைக்காமல் வாழைத்தாரைப் பழுக்க வைக்க முடியாதா? (வாசகர், திருச்சி)

பாட்டி அரிசிப் பானையில் காயைப் புதைத்ததும், வியாபாரிகள் அறையை அடைத்துப் புகை மூட்டம் போட்டதும் எதற்கு? எத்திலீனுக்காக. அதுவும் செடியின் ஹார்மோன்தான், ஆனால் வாயு. பழுக்கும் பழமே அதை வெளிவிடும். பானை அதைச் சிதறாமல் பிடித்து வைக்கும். புகையிலும் அது உண்டு. கார்பைடிலிருந்து வருவது அசெட்டிலீன். எத்திலீன் மாதிரி நடிக்கும் ஆள், கூடவே ஆர்சனிக், பாஸ்பரஸ் கசடும் வரலாம். அதனால்தான் நம் நாட்டில் அதற்குத் தடை. அறையில் எத்திலீன் வாயுவையே பத்து லட்சத்துக்கு 100 பங்குவரை விட்டுப் பழுக்க வைக்க அனுமதி உண்டு. வீட்டுக்கு ஒரு தார்தான் என்றால், நன்கு பழுத்த பழம் இரண்டைக் கூடவே வைத்துச் சாக்கைப் போட்டு மூடுங்கள்.

கேள்வி: பங்கனபள்ளிக் கொட்டையை நட்டு ஏழு வருஷம் காத்திருந்தேன். காய்த்தது புளிப்பு. மரத்தை வெட்டிவிடலாமா? (வாசகர், கிருஷ்ணகிரி)

வெட்ட வேண்டாம். கொட்டைக்குள் தாயின் பங்கு பாதி. மீதி, எந்தத் தோப்பிலிருந்து ஈ கொண்டுவந்த மகரந்தமோ! தாய் தந்தை இன்னதென்று தெரிந்தாலும் ஒன்றுபோல் வராது. மல்லிகா, ஆம்ரபாலி என்ற மா ரகங்கள் இரண்டும் நீலமும் தசேரியும் கலந்து பிறந்தவைதான். ஒன்றின் பழம் பெரிது; இன்னொன்றின் மரமே குட்டை.

உங்கள் மரத்தின் கிளைகளைக் குறைத்துவிட்டு, புதுத்துளிர் வந்ததும் ஒட்டுக்கட்டத் தெரிந்தவரைக் கூப்பிட்டு, நல்ல பங்கனபள்ளிக் குச்சியை அதன் மேல் ஒட்டச் சொல்லுங்கள். ஏழு வருஷத்து வேர் வீணாகாது.