மகன் எழுதிய ராப் வரிகள் சாட்சியமாகுமா?

கேள்வி: நியூ ஜெர்சியில் இருக்கிறோம். கல்லூரியில் படிக்கும் என் 19 வயது மகன் ராப் எழுதுகிறான். நோட்டு முழுக்கத் துப்பாக்கி, ரத்தம், பழி. அவனுடைய நண்பனைத் துப்பாக்கிச் சூட்டு வழக்கில் போலீஸார் விசாரிக்கிறார்கள். இந்த வரிகளை வைத்து இவனையும் இழுத்துவிடுவார்களோ என்று பயம். எல்லாவற்றையும் அழித்துவிடச் சொல்லலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். விசாரணை நடப்பது தெரிந்த பிறகு நோட்டைக் கிழித்தாலோ, கைபேசியில் இருப்பதை நீக்கினாலோ, சாட்சியத்தை அழித்ததாகத் தனி வழக்கே வரலாம். வெறும் பாட்டாக இருந்ததை மறைக்கவேண்டிய பொருளாக நீங்களே ஆக்கியதாகவும் முடியும்.

உங்கள் மாநிலத்துச் சட்டம் இதில் ஓரளவு ஆறுதலானது. 2005இல் நடந்த ஒரு துப்பாக்கிச் சூட்டுக்காக ஸ்கின்னர் என்பவர் மீது கொலை முயற்சி வழக்கு நடந்தது. அவர் எழுதிய ராப் வரிகளைக் காவல் அதிகாரி ஒருவர் ஜூரிகள் முன் 13 பக்கம் வாசித்தார். அவற்றில் பல, சம்பவத்துக்கு வெகுகாலம் முன்பு எழுதியவை. சுடப்பட்டவரைப் பற்றி அவற்றில் பேச்சே இல்லை. ஆனாலும் 30 ஆண்டு தண்டனை கிடைத்தது. 2014இல் மாநில உச்ச நீதிமன்றம், அந்த வரிகளை ஜூரியிடம் காட்டியதே தவறு என்று ஒருமனதாகச் சொன்னது. குற்றத்தின் விவரங்களோடு நேரடித் தொடர்பு இருக்கவேண்டும். இல்லாவிட்டால் வரிகள் உள்ளே வரக்கூடாது. ஷெரிஃபைச் சுட்டதாகப் பாடியதற்காக பாப் மார்லி சுட்டவராகிவிடுவாரா என்றும் தீர்ப்பு சுட்டிக்காட்டியது. பிணக்கூழ் சமைக்கும் பரணிப் பேய்களைப் பள்ளியிலேயே படித்த நமக்கு இதை விளக்கவேண்டியதில்லை.

ஜூரிகளுக்குத்தான் விளக்கவேண்டியிருக்கிறது. 1996இல் கேரி ஃப்ரீட் என்ற உளவியலாளர் ஒரு பழைய நாட்டுப்பாடலின் வரிகளைச் சிலரிடம் ‘ராப்’ என்றும் வேறு சிலரிடம் ‘கன்ட்ரி’ (அமெரிக்கக் கிராமிய இசை) என்றும் சொல்லிக் கொடுத்தார். ராப் என்று நம்பியவர்களுக்கு அதே வரிகள் அதிக ஆபத்தானவையாகத் தெரிந்தன.

மறுபக்கமும் உண்டு. மேரிலாந்தில் கொலை வழக்கில் சிறையிலிருந்த மான்டேக், நீதிமன்ற விசாரணைக்குச் சுமார் மூன்று வாரம் முன்பு சிறைத் தொலைபேசியில் ஒரு ராப் பாடினார். காட்டிக்கொடுப்பவர்களை மிரட்டும் வரிகள். அது இன்ஸ்டாகிராமிலும் ஏறியது. வழக்கின் விவரங்களோடு வரிகள் ஒத்துப்போனதால், அவற்றைச் சாட்சியமாக ஏற்றது சரியே என்று 2020இல் அந்த மாநிலத்தின் உயர்மட்ட நீதிமன்றம் சொல்லிவிட்டது. என் பார்வையில், அந்த வரிகளைப் பாட்டென்று மட்டும் சொல்வது கடினம்தான். கலிபோர்னியாவில் 2023 முதல் நடப்பிலுள்ள சட்டமும் கிட்டத்தட்ட இவற்றையே கேட்கிறது: குற்றம் நடந்த காலத்தை ஒட்டி எழுதியதா, குற்றத்தோடு ஒத்திருக்கிறதா, வெளியே தெரியாத தகவல் உள்ளதா?

ஆகவே உங்கள் மகனின் பழைய நோட்டைவிட, இனி அவன் எழுதப்போவதுதான் எனக்குக் கவலை. நண்பனின் வழக்கை, இடத்தை, ஆட்களைத் தொட்டு ஒரு வரிகூட எழுதவோ பதிவிடவோ வேண்டாம். நண்பன் சிறையிலிருந்து அழைத்தால் அந்தப் பேச்சு பதிவாகிறது என்றே எண்ணிக்கொள்ளட்டும்.

இன்னொன்று: மேலே சொன்ன தடை, ஜூரி முன்பு காட்டுவதற்குத்தான். போலீஸார் துப்புக்காகப் படித்துப் பார்ப்பதை அது தடுக்காது. அவர்கள் வந்து “இந்த வரிக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டால், பொழிப்புரை சொல்ல உட்காராமல், வழக்கறிஞர் இல்லாமல் பேசமாட்டேன் என்று மகன் மரியாதையாகச் சொல்லிவிடலாம். நோட்டில் தேதிகள் இருந்தால் அப்படியே இருக்கட்டும். சம்பவத்துக்கு முன்பே எழுதிய பாட்டு என்று காட்ட வழக்கறிஞருக்கு அவைதான் உதவும்.