ஃப்ரிட்ஜ் நின்றதும் இரண்டாவது பற்றரி வாங்கலாமா?

வெள்ளவத்தை வாசகர் ஒருவர் ஜீப்பின் பின்னால் சின்ன ட்ரெயிலரைப் பூட்டிக்கொண்டு குடும்பத்தோடு பாசிக்குடா போயிருக்கிறார். ட்ரெயிலரில் 12 வோல்ற், 100 அம்பியர்-மணி (ஒரு அம்பியர் வீதம் 100 மணி நேரம் கொடுக்கும் அளவு) ஈய அமிலப் பற்றரி. அதில் கொம்பிரஷர் ஃப்ரிட்ஜ், ஃபான், மூன்று எல்.ஈ.டி. லைற், போன் சார்ஜ் பண்ண, பற்றரி மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வேர்ட்டர். முதல்நாள் பின்னேரம் போய்ச் சேர்ந்தார்கள். மறுநாள் இரவுச் சாப்பாட்டு நேரம் ஃப்ரிட்ஜ் நின்றுவிட்டது, லைற் மட்டும் எரிந்தது. கடைக்காரர் இன்னொரு பற்றரி போடச் சொல்கிறார், போடலாமா என்று கேட்கிறார்.

இப்போதைக்கு வேண்டாம். முதலில் கணக்கைப் பாருங்கள். ஃப்ரிட்ஜ் ஓடும்போது ஏறக்குறைய 45 வாற் எடுக்கும். பாசிக்குடா வெயிலில் கொம்பிரஷர் பாதி நேரமாவது ஓடும், ஆக நாளுக்கு 540 வாற்-மணி, அதை 12 வோல்ற்றால் வகுத்தால் 45 அம்பியர்-மணி. ஃபான் இரவு முழுக்க ஓடினால் 10, லைற் 4, நாலு போனுக்கு 5. இதெல்லாம் எதிர்பார்த்த செலவுதான். ஆனால் இன்வேர்ட்டரை இரவு பகலாக ஓனில் விட்டிருந்தால், எதுவும் செருகாமலே அது 15 முதல் 20 வரை தின்றிருக்கும். மொத்தம் 80 அளவுக்கு வந்துவிடுகிறது. ஈய அமிலப் பற்றரியில் பாதிக்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும், அதனால் உங்கள் கையில் உண்மையில் இருப்பது 50தான். மறுநாள் இரவுவரை தாக்குப்பிடித்ததே பெரிய காரியம்!

போன்களுக்கு இன்வேர்ட்டரே தேவையில்லை. 12 வோல்ற் யூ.எஸ்.பி. சொக்கற் ஒன்று போதும்.

அடுத்தது வயர். லைற் எரிய ஃப்ரிட்ஜ் மட்டும் நின்றது என்பதை வைத்துத்தான் சொல்கிறேன். வோல்ற்றேஜ் இறங்கினால் பற்றரியைக் காப்பாற்ற ஃப்ரிட்ஜ் தானே நின்றுவிடும், லைற்றுக்கு அந்தக் கவலை இல்லை. ஃப்ரிட்ஜுக்குப் போகும் வயர் 1.5 சதுர மில்லிமீற்றர், போக வர 10 மீற்றர் என்று வையுங்கள். 45 வாற்றுக்கு ஏறக்குறைய 4 அம்பியர் ஓடும்போது கிட்டத்தட்ட அரை வோல்ற் வழியிலேயே போய்விடும். பற்றரியில் 12.1 இருந்தாலும் ஃப்ரிட்ஜுக்குக் கிடைப்பது 11.6 அளவுதான். மல்ரிமீற்றரை எடுத்து, கொம்பிரஷர் ஓடும்போது பற்றரி முனையிலும் ஃப்ரிட்ஜ் சொக்கற்றிலும் அளந்து பாருங்கள். அரை வோல்ற் வித்தியாசம் இருந்தால் 6 சதுர மில்லிமீற்றர் வயரும், பற்றரிப் பக்கத்தில் ஃபியூஸும் போடுங்கள். கொழும்பு பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடைகளில் இரண்டுமே கிடைக்கும். சிகரெட் லைற்றர் சொக்கற்றைத் தொட்டுப் பார்த்தால் சூடாக இருக்கிறதா? அதையும் மாற்றுங்கள்.

கொழும்பிலிருந்து பாசிக்குடா வரை ஜீப்பே சார்ஜ் பண்ணியிருக்கும் என்று நம்பவேண்டாம். ட்ரெயிலர் பிளக்கின் மெல்லிய வயரால் வருவது சொற்பம். தடித்த வயரிழுத்து, ஜீப்பிலிருந்து வருவதை ட்ரெயிலர் பற்றரிக்கு ஏற்ற வோல்ற்றேஜாக்கிக் கொடுக்கும் டி.சி.-டி.சி. சார்ஜர் போட்டால் அந்த ஆறேழு மணி நேர ஓட்டம் வீண்போகாது.

இனிச் செலவைக் குறைப்போம். புறப்படும் முதல்நாளே ஃப்ரிட்ஜை வீட்டு மின்சாரத்தில் குளிரவிடுங்கள். மீனையும் இறைச்சியையும் உறைய வைத்தே ஏற்றுங்கள். சோடா, தண்ணீர்ப் போத்தல்களுக்கு ஐஸ் போட்ட ரெஜிஃபோம் பெட்டி தனியாக இருக்கட்டும். பிள்ளைகள் பத்து நிமிடத்துக்கு ஒருதரம் திறக்கப்போவது அதைத்தான். ஃப்ரிட்ஜை 5 பாகையில் வைத்தால் போதும், பூச்சியத்துக்கு இறக்கத் தேவையில்லை. அதன் காற்றோட்டத் துளைகளில் பாயும் தலையணையும் முட்டிக்கொண்டிருக்கக் கூடாது.

இவ்வளவும் செய்தால் நாளுக்கு 50 அளவில் நிற்கும். ஒரு நாளுக்கு மேல் தங்க 100 வாற் மடிப்புச் சோலர் பனல் ஒன்று வாங்கலாம். நல்ல வெயிலில் நாளுக்கு 25 முதல் 30 அம்பியர்-மணி வரும். ஆனால் ஒரு தென்னோலை நிழல் குறுக்கே விழுந்தாலே பாதி போய்விடும், அதனால் பனலை வெளியில் நகர்த்தி வையுங்கள். மார்கழி, தை மாதங்களில் கிழக்குக்குப் போனால் அதை நம்பவேண்டாம், அது அங்கே மழைக்காலம்.

அப்புறமும் போதாவிட்டால், பழைய பற்றரியோடு புதியதைச் சேர்க்காதீர்கள், பழையது புதியதையும் இழுத்துக் கெடுக்கும். 100 அம்பியர்-மணி லிதியம் இரும்பு பொஸ்பேற் பற்றரி ஒன்றுக்கு மாறுங்கள். அதில் 80, 90 வரை தயங்காமல் எடுக்கலாம். சார்ஜர் மட்டும் அதற்கு ஏற்றதாக இருக்க வேண்டும்.

அதுவரை இப்போதுள்ள பற்றரியை, வீடு வந்த அன்றிரவே சார்ஜில் போடுங்கள். ஈய அமிலப் பற்றரி நிறையக் கடைசி 20 வீதத்துக்கே பல மணி நேரம் பிடிக்கும், விடியும்வரை அப்படியே விடுங்கள். வெறுமையாக ஒரு வாரம் கிடந்தாலே அதன் கொள்ளளவு குறையத் தொடங்கிவிடும்.