மடையில் நிற்கும் புரதம்

கேள்வி: ரீச்சர், சீனோரப்டிடிஸ் எலிகன்ஸ் என்ற உருளைப்புழு முதலில் விந்தும் பிறகு முட்டையும் ஆக்கும் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். டி.என்.ஏ அதேதானே? அப்போ எது மாறுகிறது?
– உயர்தர மாணவி, வட்டக்கச்சி

பதில்: சரியான இடத்தில் கை வைத்திருக்கிறாய், பிள்ளை. டி.என்.ஏ மாறுவதில்லை. அதிலிருந்து எழுதிய தூது ஆர்.என்.ஏயைப் புரதமாக வாசிக்க விடுவதா, மறிப்பதா என்பதுதான் மாறுகிறது.

இரணைமடுத் தண்ணி வாய்க்கால் முட்ட வந்தாலும், மடை அடைத்திருந்தால் உங்கள் வயல் காய்ந்துதானே கிடக்கும்? அந்த அடைப்பைச் செய்பவை ஆர்.என்.ஏயைப் பற்றிப்பிடிக்கும் புரதங்கள்.

ஒரு மில்லிமீற்றர் நீளப் புழு. குடம்பிப் பருவத்தின் கடைசியில், ஜி.எல்.டி-1 என்ற புரதம் ட்ரா-2 என்ற மரபணுவின் தூதை மறிக்கிறது. ட்ரா-2 பெண் பக்கம் இழுப்பது; அது அடங்கினால் கலங்கள் விந்தாகும். ஏறக்குறைய 300 விந்து. விதைநெல் எடுத்து வைப்பதுபோல அவற்றைச் சேமித்துக்கொண்டு புழு முட்டைக்கு மாறும். தனியே இருக்கும் புழுவுக்கு 300 அளவில்தான் குஞ்சு பிறப்பதற்குக் காரணம் இந்தச் சேமிப்புத்தான். முட்டை மிஞ்சும், விந்து முடிந்துவிடும்.

மாறுவது எப்படி? விந்துப் பக்கம் இழுக்கும் பெம்-3 மரபணுவின் தூதின் வாலில் எவ்.பி.எவ் புரதம் போய் ஒட்டுகிறது. வால் என்றால், புரதத்துக்கான குறியீடு முடிந்த பிறகும் நீளும் பகுதி. அங்கே யூ-ஜி-யூ என்ற ஆர்.என்.ஏ எழுத்துகளில் தொடங்கும் ஒரு சிறு துண்டை அது அடையாளம் காணும். பெம்-3 அடங்க, முட்டை உருவாகும். எவ்.பி.எவ் இரண்டு வகை. இரண்டையும் இழந்த புழு விந்தை மட்டுமே ஆக்கும், முட்டை வராது. வாலில் அந்த இடத்தில் ஓர் எழுத்துப் பிழைத்தாலும் அதே கதிதான். எனக்கு இன்றைக்கும் மெய்சிலிர்க்கும் இடம் இது.

அமெரிக்காவின் விஸ்கொன்சினில் ஜூடித் கிம்பிள், மார்வின் விக்கன்ஸ் குழுவினர் எவ்.பி.எவ்வைக் கண்டறிந்தது 1997இல். அந்த வருடம் நான் இடம்பெயர்ந்த பிள்ளைகளுக்குப் பாலைமரத்தடியில் கலப்பிரிவு படிப்பித்துக்கொண்டிருந்தேன். நுணுக்குக்காட்டி இல்லை. ஈர மணலில் தடியால் கீறித்தான் காட்டினேன். இந்தச் செய்தி என் கைக்கு வர வருடங்கள் எடுத்தன. உனக்கு உடனே சொல்ல முடிகிறது என்பதில் எனக்குப் பெரிய சந்தோசம்.

இதே குடும்பப் புரதங்கள் பழ ஈயிலும் உண்டு, மனிதரிலும் உண்டு. அதை அடுத்த முறை கேள்.

இப்போது கொப்பியில் தூது ஆர்.என்.ஏ ஒன்று கீறு. வாலை வெட்டிவிடாதே, நீட்டிக் கீறு. யூ-ஜி-யூ எழுதி, அதன்மேல் எவ்.பி.எவ்வை இருத்து.