சம்பளத்துக்கா நன்கொடை கொடுப்பது?

கேள்வி: அப்பா நினைவாக ஒரு சிறிய அறக்கட்டளை வைத்திருக்கிறோம். ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிக்கக் கற்பதற்கு உதவ நினைக்கிறோம். மூன்று விண்ணப்பங்கள் வந்துள்ளன. ஒன்று நூலக அறை கேட்கிறது, ஒன்று டேப்லெட் கேட்கிறது. மூன்றாவது, ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் திட்டம்; அதில் பெரும்பகுதி சம்பளமும் பயணப்படியும்தான். "சம்பளத்துக்கா நன்கொடை கொடுப்பது?" என்கிறார் அண்ணன். என்ன செய்யலாம்? – ஒரு வாசகி

பதில்: அண்ணனைக் கோபித்துக்கொள்ளாதீர்கள். இப்படிப்பட்ட விண்ணப்பங்களைப் படித்துப் பரிந்துரை எழுதுவதுதான் பல வருடங்கள் என் வேலை. அறங்காவலர் கூட்டங்களில் அவருடைய அதே கேள்வி திரும்பத் திரும்ப என் காதில் விழுந்திருக்கிறது. அலமாரிக்கு ரிப்பன் வெட்டலாம். சம்பளத்துக்கு எதை வெட்டுவது?

ஆனாலும் நான் முதலில் கையில் எடுப்பது அந்த மூன்றாவது விண்ணப்பத்தைத்தான்.

தொண்ணூறுகளில் கென்யாவின் தொடக்கப் பள்ளிகளுக்கு ஒரு தொண்டு நிறுவனம் பாடநூல்களை இலவசமாகக் கொடுத்தது. பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மைக்கேல் கிரெமரும் மற்றவர்களும் அதன் பலனை ஆராய்ந்தார்கள். ஏற்கெனவே நன்றாகப் படித்த பிள்ளைகள் முன்னேறினார்கள். சராசரி மதிப்பெண் நகரவே இல்லை. நூல்கள் ஆங்கிலத்தில் இருந்தன. பல பிள்ளைகளுக்கு அது மூன்றாவது மொழி. ஆகவே நூலகம் கேட்பவரிடம் ஒன்றே ஒன்று கேளுங்கள்: புத்தகம் எந்த மொழியில், வாரத்தில் எந்த நேரத்தில் யார் அதைப் பிள்ளைகளுக்கு வாய்விட்டு வாசிப்பார்? பதில் வந்தால் அந்த விண்ணப்பமும் நல்லதுதான். பூட்டிய அலமாரிகள் நிறையப் பார்த்துவிட்டேன்.

அதே கென்யாவில் 2015-இல் 'துசோமே' என்ற வாசிப்புத் திட்டம் நாடு முழுக்க வந்தது. பிள்ளைக்கு ஒரு புத்தகம், ஆசிரியருக்கு அன்றன்றைய பாடக் குறிப்பு, அப்புறம் வகுப்பில் உட்கார்ந்து பார்த்து ஆசிரியரோடு பேசிவிட்டுப் போக ஓர் அலுவலர். இந்த அலுவலர்கள் ஏற்கெனவே அரசுச் சம்பளம் வாங்குபவர்கள். திட்டம் கொடுத்தது முக்கியமாகப் பயணச் செலவும் பயிற்சியும். டேப்லெட்டும் உண்டு, ஆனால் அலுவலர் கையில். பாடத்தைக் கவனித்துக் குறித்துக்கொள்ள.

அமெரிக்காவின் மிசிசிப்பியில் ஜிம் பார்க்ஸ்டேல் தம்பதி 2000-இல் 10 கோடி டாலர் கொடுத்து ஒரு வாசிப்பு நிறுவனம் தொடங்கினார்கள். எழுத்தையும் ஒலியையும் இணைத்துக் கற்பிக்க ஆசிரியர்களைப் பழக்கும் வேலை. 2013-இல் மாநிலமே சட்டம் இயற்றிப் பின்தங்கிய பள்ளிகளுக்கு வாசிப்புப் பயிற்றுநர்களை அனுப்பியது. நான்காம் வகுப்பு வாசிப்பில் வெகுகாலம் கடைசி வரிசையில் கிடந்த மாநிலம் 2019-இல் தேசியச் சராசரியைத் தொட்டது. மூன்றாம் வகுப்பில் வாசிக்க வராதவரை அதே வகுப்பில் நிறுத்தும் விதியும் அந்தச் சட்டத்தில் இருக்கிறது, மதிப்பெண் உயர்ந்ததற்கு அதுவும் காரணம் என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது 2000-க்கும் 2019-க்கும் நடுவே உள்ள தூரம். அவ்வளவு காலம் உங்களால் காத்திருக்க முடியாது, சரி. மூன்று வருடமாவது என்று முதல் கடிதத்திலேயே எழுதிக் கொடுங்கள். வருடா வருடம் புதுப்பிக்கிறோம் என்றால் நல்ல பயிற்றுநர் பத்தாம் மாதமே வேறு வேலை தேடத் தொடங்கிவிடுவார்.

ஒரு எச்சரிக்கை. அந்தச் சம்பளம் யாருடையது என்று பாருங்கள். வகுப்பறைக்குப் போகிறவருடையதா, அலுவலகத்தில் அறிக்கை எழுதுகிறவருடையதா? ஒருவருக்கு எத்தனை ஆசிரியர்கள், ஒரே ஆசிரியரை மாதத்தில் எத்தனை முறை பார்ப்பார்? இதற்குத் தெளிவான எண் சொல்லத் தெரியாதவருக்குப் பணம் தர வேண்டாம். இரண்டு நாள் விடுதியில் பயிற்சி முகாம் என்றாலும் அதே பதில்தான்.

கேள்வி: பலன் கிடைத்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது? – அதே வாசகி

பதில்: பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கச் சொல்லிக் கேட்பதுதான். வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு எழுத்துத் தேர்வு வைத்து என்ன பயன்? பிரதம் என்ற கல்வித் தொண்டு அமைப்பு இந்தியாவில் 2005 முதல் நடத்திவரும் 'அசர்' கணக்கெடுப்பில் ஒரு தாள்தான் கருவி: எழுத்துகள், சொற்கள், ஒரு சிறு பத்தி, ஒரு சிறு கதை. ஒவ்வொரு பிள்ளையாக, சில நிமிடங்களில் முடிந்துவிடும். பணம் போவதற்கு முன்பே ஒருமுறை இப்படிப் பார்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் பிறகு எதோடு ஒப்பிடுவீர்கள்?

சராசரியை நம்பாதீர்கள். ஒரு சொல்கூட வாசிக்க வராத பிள்ளைகள் எத்தனை பேர், அந்த எண்ணிக்கை குறைந்ததா என்று கேளுங்கள். சோதிப்பவர் பணம் வாங்குகிற அமைப்பின் ஆளாக இல்லாமலிருப்பது நல்லது. இத்தனை பேர் தேறினால்தான் அடுத்த தவணை என்று மட்டும் நிபந்தனை போட்டுவிடாதீர்கள். எல்லைக்கோட்டருகே நிற்கும் பிள்ளைகளுக்கே எல்லாக் கவனமும் போய்விடும். கடைசி பெஞ்சு அங்கேயே இருக்கும்.

கேள்வி: மாதாமாதம் அறிக்கை வாங்கலாமா?

பதில்: வேண்டாம். ஆறு மாதத்துக்கு ஒருமுறை, இரண்டு பக்கம் போதும். அதில் "எது சரிப்படவில்லை என்று கைவிட்டீர்கள்?" என்று ஒரு கேள்வியைச் சேருங்கள். மீதி நேரத்தில் அண்ணனை அழைத்துக்கொண்டு ஒரு முழுக் காலைப்பொழுது வகுப்பின் பின்வரிசையில் போய் உட்காருங்கள். கேமரா வேண்டாம்.