அமெரிக்கக் கால்பந்து அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக எப்படி வருகிறார்கள்? தோற்றால் வேலை போய்விடுமா?

நீங்கள் இரண்டு விஷயம் கேட்டிருக்கிறீர்கள். என்எஃப்எல் என்ற அமெரிக்கத் தொழில்முறைக் கால்பந்து லீக்கில் ஓர் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளராக வர, முன்பு பெரிய ஆட்டக்காரராக இருந்திருக்க வேண்டுமா? தோற்றால் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களா? முதல் கேள்விக்குப் பதில், தேவையில்லை. இரண்டாவதற்கு, ஆமாம், தயவு தாட்சண்யமே பார்க்க மாட்டார்கள். ஆனால் அனுப்பிவிட்டால் ஆள் அவ்வளவுதான் என்று நினைத்துவிடாதீர்கள். பொதுவாகப் பேசுவதைவிட ஆண்டி ரீடின் கதையைச் சொல்லிவிடுகிறேன். கன்சாஸ் சிட்டி சீஃப்ஸ் அணிக்கு மூன்று முறை சூப்பர் பவுல், அதாவது அந்த லீக்கின் இறுதிப் போட்டியை, வென்று கொடுத்தவர். எனக்கு மிகவும் பிடித்த பயிற்சியாளர்.

அதற்கு முன் ஒரு விஷயம். இந்த ஆட்டத்தில் பயிற்சியாளருக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்று புரிய வேண்டும். கிரிக்கெட்டில் களத்துக்குள் கேப்டன் வைத்ததுதான் சட்டம். இங்கே அப்படி இல்லை. பந்து கையில் இருக்கும் அணிக்கு நான்கு வாய்ப்பு, அதற்குள் பத்து கெஜம் முன்னேற வேண்டும். ஒவ்வொரு வாய்ப்புக்கும் யார் எங்கே ஓட வேண்டும், யார் யாரைத் தடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே வரைந்து பழகிய திட்டம் உண்டு. அந்த நேரத்துக்கு எது சரி என்று பயிற்சியாளர் முடிவு செய்து, பந்தை வாங்கி எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்கின் ஹெல்மெட்டுக்குள் இருக்கும் ஸ்பீக்கரில் சொல்கிறார். அடுத்த வாய்ப்பைத் தொடங்குவதற்கான கடிகாரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது அந்த இணைப்பு துண்டிக்கப்பட்டுவிடும். அதற்குள் சொல்லி முடித்தாக வேண்டும். ரீட் கையில் ஒரு பெரிய லேமினேட் செய்த அட்டை இருக்கும். பொடி எழுத்தில், பல நிறத்தில், சூழ்நிலை வாரியாகத் திட்டங்கள். எதிரணி உதட்டசைவைப் படித்துவிடக் கூடாது என்று அந்த அட்டையாலேயே வாயை மறைத்துக்கொண்டு மைக்கில் பேசுவார்.

சரி, இவர் எங்கிருந்து வந்தார்? 1958-இல் லாஸ் ஏஞ்சல்ஸில் பிறந்தவர். யூட்டாவில் பிரிகம் யங் பல்கலைக்கழக அணியில் ஆடினார். அதுவும் யாரும் கவனிக்காத இடத்தில், குவார்ட்டர்பேக்கைப் பாதுகாக்கும் முன்வரிசையில். என்எஃப்எல்லில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. எழுத்தாளராக ஆசைப்பட்டு, உள்ளூர் நாளிதழில் பத்தி எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய பயிற்சியாளர் லவெல் எட்வர்ட்ஸ்தான், நீ பயிற்சியாளராக வரலாம் என்று திருப்பிவிட்டார். 1982-இல் அதே அணியில் கடைநிலை உதவியாளராகச் சேர்ந்தார். அடுத்து சான் ஃபிரான்சிஸ்கோ ஸ்டேட் கல்லூரி. அணிக்குப் பணம் சேர்க்க வளாகத்தில் ஹாட் டாக் விற்ற காலம் அது. அப்புறம் நார்தர்ன் அரிசோனா, டெக்சாஸில் எல் பாசோ, மிசௌரி. மொத்தம் பத்து வருஷம் கல்லூரி கல்லூரியாக ஊர் மாற்றி, முன்வரிசைப் பையன்களுக்குக் கால் எப்படி வைக்க வேண்டும், கை எங்கே போட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்திருக்கிறார். பெரும்பாலான பயிற்சியாளர்களின் ஆரம்பம் இப்படித்தான். டிவியில் தெரியும் முகத்துக்குப் பின்னால் யாரும் பார்க்காத இந்தப் பத்து வருஷம் இருக்கிறது.

கதவு திறந்தது பழக்கத்தால். யூட்டாவில் கூட வேலை பார்த்த மைக் ஹோம்கிரன் 1992-இல் கிரீன் பே பேக்கர்ஸ் அணிக்குத் தலைமைப் பயிற்சியாளர் ஆனார், ரீடைக் கூப்பிட்டுக்கொண்டார். ஹோம்கிரன் அதற்கு முன் சான் ஃபிரான்சிஸ்கோவில் பில் வால்ஷிடம் வேலை செய்தவர். சின்னச் சின்ன, வேகமான பாஸ்களாலேயே எதிரணியைக் கரைக்கும் வால்ஷின் பாணி அந்த வழியாக ரீடுக்கு வந்து சேர்ந்தது. யார் யாரிடம் தொழில் கற்றார் என்பதற்கு இந்த உலகில் அவ்வளவு மதிப்பு.

1999-இல் ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அவரைத் தலைமைப் பயிற்சியாளராக எடுத்தபோது பலர் புருவம் உயர்த்தினார்கள். மொத்தத் தாக்குதல் ஆட்டத்துக்கும் பொறுப்பான ஒருங்கிணைப்பாளர் பதவியைக்கூட அவர் வகித்ததில்லை. குவார்ட்டர்பேக்குகளுக்கு மட்டும் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தவர். நேர்காணலுக்கு ஒரு தடித்த ஃபைலோடு போனார். பல வருஷமாகச் சேர்த்த குறிப்புகள், ஓர் அணியை எப்படி நடத்துவது என்று எழுதி வைத்தவை. கல்லூரி ஆட்டக்காரர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில், அந்த வருஷம் இரண்டாவது வாய்ப்பில் அவர் குவார்ட்டர்பேக் டானவன் மெக்நாபைத் தேர்ந்தெடுத்தபோது ஈகிள்ஸ் ரசிகர்கள் கூச்சல் போட்டார்கள். முதல் வருஷம் 5 வெற்றி, 11 தோல்வி. அடுத்த வருஷமே 11 வெற்றி.

2001 முதல் 2004 வரை நான்கு சீசன் தொடர்ந்து சூப்பர் பவுலுக்கு ஒரு படி முன்னால் வரை அணி போனது. அதில் மூன்று முறை அங்கேயே தோல்வி. நான்காவது முறை தாண்டினார்கள். ஆனால் 2005 பிப்ரவரியில் சூப்பர் பவுலில் நியூ இங்கிலாந்து அணியிடம் 24-21 என்று தோற்றார்கள். கடைசி நிமிடங்களில் அவசரமே காட்டாமல் ஆடினார்கள் என்ற விமர்சனம் அவரை வருஷக்கணக்கில் துரத்தியது. அந்த விமர்சனம் நியாயமானதுதான். நேரத்தைக் கையாள்வது அப்போது அவருடைய பலவீனம்.

2012 கொடுமையான வருஷம். ஆகஸ்டில், அணியின் பயிற்சி முகாமிலேயே அவருடைய மூத்த மகன் இறந்துபோனார். சில நாளில் வேலைக்குத் திரும்பினார். சீசன் 4 வெற்றி, 12 தோல்வி என்று முடிந்தது. டிசம்பர் 31-ஆம் தேதி, திங்கட்கிழமை, வேலை போயிற்று. பதினான்கு சீசன், 130 வெற்றி, அந்த அணியின் சரித்திரத்தில் வேறு யாருக்கும் இல்லாத கணக்கு. எதுவும் காப்பாற்றவில்லை.

இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்விக்கு உண்மையான பதில் இருக்கிறது. ஜனவரி 4-ஆம் தேதி கன்சாஸ் சிட்டி அவரை எடுத்துக்கொண்டது. நான்கே நாள்! முந்தைய சீசனில் 2 வெற்றி மட்டுமே பெற்ற அணி, அவர் வந்த முதல் வருஷமே 11 வென்றது. பிளேஆஃபில் 38-10 என்று முன்னிலையில் இருந்துவிட்டு 45-44 என்று தோற்ற கொடுமையும் அதே சீசனில்தான்.

2017-இல் குவார்ட்டர்பேக் பேட்ரிக் மஹோம்ஸை எடுக்க டிராஃப்ட் வரிசையில் 27-ஆம் இடத்திலிருந்து பத்தாம் இடத்துக்கு ஏறினார்கள். இவ்வளவு விலை கொடுத்து எடுத்த பையனை உடனே இறக்கிவிடத்தான் எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். ரீட் அவரை ஒரு வருஷம் அப்போதைய குவார்ட்டர்பேக் அலெக்ஸ் ஸ்மித்துக்குப் பின்னால் உட்காரவைத்துக் கற்றுக்கொள்ள விட்டார். அடுத்த வருஷம் மஹோம்ஸ் எறிந்த டச் டவுன் பாஸ், அதாவது பந்தை எதிரணியின் எல்லைக்குள் சேர்த்துப் புள்ளி வாங்கித் தரும் பாஸ், 50. ரீட் எடுத்த முடிவுகளில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது இதுதான்.

2020 பிப்ரவரி, மயாமியில் சூப்பர் பவுல். நம் ஊர் நேரத்துக்குத் திங்கள் அதிகாலை. 20-10 என்று பின்தங்கியிருக்கிறார்கள், ஏழு நிமிடம் சொச்சம்தான் பாக்கி. மூன்றாவது வாய்ப்பு, 15 கெஜம் தேவை. வாஸ்ப் என்ற திட்டத்துக்கு நேரம் கிடைக்குமா என்று மஹோம்ஸே கேட்கிறார். கிடைக்குமா என்றால், பந்தைப் பிடிக்க வேண்டிய டைரீக் ஹில் அவ்வளவு தூரம் ஓடி வெளிப்பக்கம் திரும்பும்வரை முன்வரிசை தாக்குப்பிடிக்குமா என்று அர்த்தம். மஹோம்ஸ் பின்னால் போய்க்கொண்டே இருக்கிறார், தடுப்பு நிற்கிறது, பந்து பறக்கிறது. 44 கெஜம். அங்கிருந்து ஆட்டமே திரும்பி 31-20 என்று ஜெயித்தார்கள். தலைமைப் பயிற்சியாளராக அது அவருக்கு 21-ஆவது சீசன். திரும்பப் பார்க்கும்போதெல்லாம் என் கண் அந்த முன்வரிசை ஐந்து பேர் மேல்தான் போகும். ரீட் ஒரு காலத்தில் நின்ற இடம் அது.

அதன்பின் 2023-லும் 2024-லும் இரண்டு கோப்பை. 2023-இல் தோற்கடித்தது அவரை அனுப்பிவைத்த ஈகிள்ஸை. அந்த ஈகிள்ஸின் பயிற்சியாளர் நிக் சிரியானி, ரீட் கன்சாஸ் சிட்டிக்கு வந்தபோது அங்கே உதவியாளராக இருந்து, புதிய குழுவில் இடமில்லாமல் வேலை இழந்தவர். 2025 சூப்பர் பவுலில் அவர் ரீடை 40-22 என்று வென்றார். ஈகிள்ஸுக்கு முதல் சூப்பர் பவுல் வாங்கிக் கொடுத்த டக் பீடர்சனும், பால்டிமோரில் கோப்பை வென்ற ஜான் ஹார்பாவும் ரீடிடம் உதவியாளர்களாக இருந்தவர்கள்.

இதைத் தொடர்ந்து கவனிக்க ஆசை இருந்தால், ஜனவரி தொடக்கத்தில் லீக் சுற்று முடிந்த மறுநாள், திங்கட்கிழமைச் செய்திகளைப் பாருங்கள். யார் யாருக்கு வேலை போனது என்று வரிசையாக வரும். அத்தோடு விடாமல், அடுத்த இரண்டு வாரத்தில் அவர்களும் அவர்களுடைய உதவியாளர்களும் எந்த அணிக்குப் போகிறார்கள் என்று பாருங்கள். யார் யாரிடம் தொழில் கற்றவர் என்பது அப்போது வெளிச்சமாகத் தெரியும்.